நெஞ்செரிச்சலும் இரவுச் சாப்பாடும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டை வரை ஏறி வரும் கரிப்பு பற்றியவை. சென்னையில் உணவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இந்தத் தொல்லையோடு யார் வந்தாலும் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரும்.

கேள்வி: பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 38. வீட்டுக்கு வரவே பத்தரை ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் நடு இரவில் நெஞ்சு எரிந்து விழிப்பு வந்துவிடுகிறது. வாயில் புளிப்புத் தண்ணீர் ஊறுகிறது. மருந்துக் கடையில் வாங்கிய கேஸ் மாத்திரையை ஒன்றரை ஆண்டாகத் தினமும் போடுகிறேன். அதை விட்டுவிட்டு இயற்கை முறைக்கு மாற என்ன வழி? ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.
வாசகர், வேளச்சேரி

பதில்: அந்தக் குறிப்பை அனுப்பியதற்கு முதலில் நன்றி. "செவ்வாய், 10.50, பரோட்டா மூன்று, சால்னா. 11.15, படுக்கை." "புதன், 10.40, தோசை நான்கு, வத்தக்குழம்பு. 11.05, படுக்கை." ஏழு நாளிலும் கடைசிக் கவளத்துக்கும் தலையணைக்கும் நடுவே அரை மணி நேரம்கூட இல்லை. நீங்கள் தேடும் விடையில் முக்கால்வாசி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம்போல ஒரு தசை உண்டு. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுகி மூடிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டு இரைப்பை விம்மினால் இந்தத் தசை அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். அந்த நேரத்தில் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது, அதனால்தான் எரிகிறது. நிமிர்ந்து இருக்கும்போது புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே இழுக்கும். மீறி ஏறியதையும் நாம் விழுங்கும் உமிழ்நீர் கழுவி இறக்கிவிடும். படுத்துத் தூங்கிவிட்டால் இரண்டு உதவியும் போய்விடும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கும், விழுங்குவதும் அரிது. எண்ணெய் மிதக்கும் சால்னா இரைப்பையை விட்டு இறங்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏறிய அமிலம் அங்கேயே தங்கி உங்களை இரண்டு மணிக்கு எழுப்புகிறது.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். பத்தரைக்கு வீடு திரும்புகிறவர் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். இரவுச் சாப்பாட்டை அலுவலகத்திலேயே ஏழரை மணிக்கு முடித்துவிடுங்கள். காலையில் கட்டும் மதிய டப்பாவோடு இன்னொரு டப்பா. சப்பாத்தியும் சுரைக்காய்க் கூட்டும், அல்லது இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மாலை வரை குளிர்பெட்டியில் இருக்கட்டும். சாப்பிடும் முன் சூடாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் கஞ்சியோ போதும். என் நோயாளிகளில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு மறு மாதம் வருகிறவர்களிடம் பெரும்பாலும் நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டி வருவதில்லை. பரோட்டாவை அறவே விடச் சொல்ல மாட்டேன். ஞாயிறு மதியம் இரண்டு சாப்பிடுங்கள், பிறகு படுக்காமல் இருங்கள்.

அடுத்தது கட்டில். தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறிலிருந்து எட்டு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். செங்கல் வழுக்கிவிடும். தச்சரிடம் சொன்னால் கட்டில் கால் உட்காரும்படி நடுவே குழி தோண்டித் தருவார். தலையணைமேல் தலையணை வைப்பதால் பயனில்லை. கழுத்து மட்டும் மடங்கி, வயிறு அழுந்தி, எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடுப்பிலிருந்தே உடல் சரிவாக உயர வேண்டும். பாயில் படுக்கிறவர்கள் முக்கோண வடிவ மெத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பை இடப்பக்கமாக வளைந்திருப்பதால் அப்படிப் படுக்கும்போது அமிலம் அதன் அடியில் தேங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ்.

இனி மாத்திரை. நீங்கள் தினமும் போடும் கேஸ் மாத்திரை என்று உங்கள் குறிப்பில் எழுதியிருப்பது பான்டோபிரசோல். அமிலம் சுரப்பதையே குறைக்கும் வகை இது. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் சரியாக வேலை செய்யும். நீங்களோ இரவு சாப்பிட்டு முடித்துப் போடுகிறீர்கள். நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களின் உணவுக்குழாயை அது காப்பாற்றுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமல் தொடர்ந்தால் சிலருக்கு பி12 வைட்டமினும் மெக்னீசியமும் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் சில வாரங்களுக்கு முன்னைவிட அதிகமாகச் சுரக்கும்; "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று பலர் நினைத்துக்கொள்வது அந்த வாரங்களில்தான். நிறுத்தலாமா, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை இரைப்பை குடல் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆஸ்பிரின், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை போன்றவற்றுக்குத் துணையாக இதை எழுதிக் கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தவே கூடாது. மருத்துவரைப் பார்க்கும் வரை நேரத்தையும் கட்டிலையும் மாற்றிவையுங்கள். மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் இவைதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது, கேஸ் என்கிறார். கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிறது. சாப்பாட்டில் எதைக் குறைக்கலாம்?
வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம். இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே அவரை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடந்தால் வருவதும், படி ஏறினால் வருவதும், நின்றால் தணிவதும் இதயத்தின் ரத்தக் குழாய் அடைப்புக்கான அறிகுறி. சோடா குடிக்க அவர் உட்காருகிறார் அல்லவா, அந்த ஓய்வில்தான் வலி அடங்குகிறது. ஏப்பத்துக்கு அந்தப் பெருமை சேர்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்குதல், வியர்வை, களைப்பு, குமட்டல் என்று மட்டும்கூட மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் அப்படி நேர்வது உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினாலோ, குளிர்ந்த வியர்வை வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் இஞ்சிச் சாறு பிழியவோ, ஓமத்தண்ணீர் காய்ச்சவோ யாரும் சமையலறைக்குப் போகக் கூடாது. முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்துப் பார்த்தபின்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்வி: வாய்ப்பாட்டு ஆசிரியை நான். ஆறு மாதமாகக் காலையில் குரல் கட்டிக்கொள்கிறது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் செருமிக்கொண்டே இருக்கிறேன். நெஞ்செரிச்சல் துளியும் இல்லை. ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு அமிலம் ஏறுகிறது என்கிறார். எரிச்சல் இல்லாமல் எப்படி? அதிமதுரம் வாயில் போட்டுக்கொள்கிறேன், போதுமா?
வாசகி, மயிலாப்பூர்

பதில்: மருத்துவரிடம் காட்டிக்கொண்டது மிக நல்லது. நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் யாராக இருந்தாலும் குரல்வளையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குரல்வளையின் மென்தோல் உணவுக்குழாயைவிடவும் மென்மையானது. உணவுக்குழாயில் எரிச்சலை உண்டாக்காமல் கடந்து போகிற சிறிதளவு அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அங்கே போய் வீக்கம் உண்டாக்க முடியும். ஒவ்வொரு செருமலும் ஏற்கெனவே வீங்கிய குரல்நாண்களை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ள வைக்கிறது. செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் வெந்நீர் விழுங்குங்கள்.

உங்கள் தொழிலுக்கென்றே உள்ள சில காரணங்களும் இருக்கின்றன. சம்மணமிட்டு உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து காற்றை எழுப்பிப் பாடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதற்குமேல் உள்பாவாடை நாடா. மாலையில் நாடாவை அவிழ்த்ததும் இடுப்பைச் சுற்றிச் சிவந்த பள்ளமாகத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது இரைப்பையை நாள் முழுக்கக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடைக்கு மாறுங்கள், ஒரு விரல் நுழையும்படி கட்டுங்கள். ஆண்கள் பெல்ட்டில் ஒரு துளை தளர்த்துவதும் இதே கணக்குதான். சாதகத்துக்கு முன் இரண்டு மணி நேரம் வயிற்றை நிரப்ப வேண்டாம். மார்கழியில் கச்சேரி முடிந்து சபா கேன்டீனில் ஒன்பதரைக்குச் சுடச்சுட அடையும் அவியலும் சாப்பிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. நீங்கள் அதை மாலைக் கச்சேரிக்கு முன்பே, ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

அதிமதுரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவது, தொண்டைக்கு இதம்தான். ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். எப்போதாவது ஒரு சிறு துண்டு சரி. ரத்த அழுத்தம், இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். புதினா மிட்டாயையும் நிறுத்துங்கள். தொண்டை குளிர்ந்ததுபோல் இருக்கும், ஆனால் புதினா அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைமருந்து. மாமியார் இரவில் குளிர்ந்த பால் குடிக்கச் சொல்கிறார். நாத்தனார் வெண்பூசணிச் சாறு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சமையல் சோடா. மகன் ஆப்பிள் சிடர் வினிகர் வாங்கி வைத்திருக்கிறான். எதை எடுப்பது?
வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: வினிகர் பாட்டிலை எடுத்து ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அமிலம். புண்பட்ட உணவுக்குழாயில் மேலும் எரிச்சலைத் தரும், பல்லின் மேற்பூச்சையும் அரிக்கும். வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பதால்தான் நெஞ்செரிகிறது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

சமையல் சோடா அமிலத்தை உடனே முறிக்கும், உண்மை. கூடவே கரியமில வாயு கிளம்பி வயிற்றை உப்ப வைக்கும், உப்பிய வயிறு மறுபடி தசையைத் தளர்த்தும். இன்னொன்று, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இது தினசரிப் பழக்கமாகக் கூடாது. தண்ணீரில் பொங்கும் பொட்டலப் பொடிகளுக்கும் இது பொருந்தும்.

குளிர்ந்த பால் தொண்டையில் இறங்கும்போது இதமாகத்தான் இருக்கும். ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டும். கொழுப்பு மிகுந்த பால் இரைப்பையில் நெடுநேரம் தங்கவும் செய்யும். படுக்கும் முன் முழு டம்ளர் பால் வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள். பகலில், ஆடை நீக்கிக் குடித்தால் தடையில்லை.

வெண்பூசணியை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன், சாறாக அன்று, கூட்டாக. நீர்ச்சத்து மிகுதி, கொழுப்பு அறவே இல்லை என்று சொல்லலாம், வயிற்றில் கனக்காது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் எல்லாம் இதே குணம் கொண்டவை. பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயைக் குறைத்து, சீரகம் தாளித்தால் இரவுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. சுரைக்காயைச் சாறு எடுக்கும் வழக்கம் இருந்தால் ஓர் எச்சரிக்கை: கசக்கும் சுரைக்காயின் சாறு நஞ்சு, அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. நுனியை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள்.

மணத்தக்காளிக் கீரையை நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் காலங்காலமாகக் கொடுத்து வருகிறோம். வாரம் இருமுறை கூட்டாகவோ, தேங்காய்ப் பாலைக் குறைத்துத் தண்ணிச்சாறாகவோ வையுங்கள். சீரகத் தண்ணீர், தண்ணீராய்க் கடைந்த மோர், சிறு துண்டு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் மூன்றும் பலருக்குச் செரிமான மந்தத்தைக் குறைக்கின்றன. இஞ்சி அளவு மீறினால் அதுவே எரிக்கும். மோர் புளித்திருக்கக் கூடாது. இவற்றால் அந்தத் தசை வலுப்பெறாது என்பதையும் நினைவில் வையுங்கள். பன்னிரண்டு மணிப் பிரியாணிக்கு மேல் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் எந்தப் பரிகாரமும் ஆகாது.

சித்த மருந்துகள் எடுக்க விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, அரும்பாக்கம் அரசு அண்ணா மருத்துவமனையிலோ தகுதி பெற்ற மருத்துவரைப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லிப் பொடி வாங்கி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு கலக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். தண்ணீர் குடித்தால்கூட நெஞ்சு கரிக்கிறது. குழந்தைக்கு முடி நிறைய இருக்கும் என்கிறார்கள்.
வாசகி, தாம்பரம்

பதில்: கர்ப்ப காலத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் தசைகளைத் தளர்த்தும், வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளும். பெரும்பாலும் பிரசவத்தோடு சரியாகிவிடும். மூன்று வேளையை ஆறாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், சாப்பாட்டு நடுவே தண்ணீரைக் குறைத்து இடைவேளைகளில் குடியுங்கள், இடப்பக்கம் படுங்கள். அதிமதுரமும் சமையல் சோடாவும் இப்போது கூடவே கூடாது. தாங்க முடியாவிட்டால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மேல்வயிறு வலித்து, தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி: இருபது ஆண்டாக எனக்கு அல்சர். வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்று அன்று சொன்னார்கள். இப்போது எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? வயது 63.
வாசகர், குரோம்பேட்டை

பதில்: அவசியம். நம் ஊரில் வயிற்றில் எது எரிந்தாலும் அல்சர் என்றே சொல்லிவிடுகிறோம். அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ உண்டாகும் புண். எதுக்களிப்பு வேறு நோய். புண்ணுக்குப் பட்டினியும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் சுமார் இரண்டு வார மருந்தில் ஒழிக்கலாம். நீங்கள் இருபது ஆண்டு பத்தியம் இருந்தது தேவையற்றதாகக்கூட இருந்திருக்கலாம். வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கும், எவற்றைச் சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்கினால், காரணமின்றி எடை குறைந்தால், மலம் தாரைப்போல் கறுத்தால், ரத்த சோகை இருந்தால் எந்த வயதானாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்த வாந்தி என்றால் நேரே அவசரப் பிரிவு. பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், தொண்டையை மரத்துப்போகச் செய்துதான் குழாயை இறக்குவார்கள். பயப்பட வேண்டாம் ஐயா.

கேள்வி: காபியை விட்டே ஆக வேண்டுமா? அது ஒன்றுதான் எனக்கு உயிர்.
வாசகர், அண்ணா நகர்

பதில்: எல்லோருக்கும் காபி ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. தக்காளி, புளி, மிளகாய், சாக்லேட், பச்சை வெங்காயம் எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் பெரிய தடைப்பட்டியலைக் கையில் கொடுக்க நான் விரும்புவதில்லை. பட்டியலைப் பார்த்துப் பயந்து ரசம்கூட இல்லாமல் வெறும் தயிர்ச் சோற்றில் நாள் கடத்தி மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் காபியை மட்டும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். எரிச்சல் குறையவில்லை என்றால் காபிமேல் குற்றமில்லை, தாராளமாகத் திரும்பக் குடியுங்கள். குறைந்தால், வெறும் வயிற்றில் எழுந்ததும் குடிப்பதை விட்டுவிட்டு, காலை இட்லிக்குப் பிறகு டிகாக்‌ஷனைக் குறைத்து ஒரு சிறு டம்ளர் குடித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும், அது காபியை விட்டதால் வருவது. நாளுக்கு எத்தனை டம்ளர், எந்த நேரம் என்பதை நீங்கள் எழுதவில்லை. மாலை ஆறுக்கு மேல் ஒன்று உண்டு என்றால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.